சிங்கப்பூரில் திருமண நாள்: செட்டிநாட்டுக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்திலிருந்து போய்ச் சிங்கப்பூரில் குடியிருக்கும் தம்பதிகளுக்கும், ஊரில் இருந்தபடி "பிள்ளைகளுக்கு என்ன செய்து கொடுப்பது?" என்று யோசிக்கும் பெற்றோருக்கும், வருடாவருடம் வரும் கல்யாண நாளைக் கொண்டாடுவது பற்றிய பக்கம் இது. நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வழக்கம் வரும் இடங்களில் அதைச் சொல்லியே எழுதியிருக்கிறோம். மற்றதெல்லாம் யாருக்கும் பொருந்தும்.

எந்தத் தேதியில் கொண்டாடுவது? ஆங்கிலத் தேதியா, தமிழ்த் தேதியா, நட்சத்திரமா?

முதல் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் வராது. தமிழ் மாதம் சூரியனை வைத்துக் கணக்கிடுவது. அதனால் ஆவணி 20 என்றால் எந்த வருடமும் செப்டம்பர் 5-ஐ ஒட்டியே வரும், ஒரு நாள் முன்பின்னாகும், அவ்வளவுதான். நட்சத்திரம் அப்படியல்ல. சந்திரன் சுமார் 27 நாள் 8 மணி நேரத்தில் ஒரு சுற்று முடிப்பதால், அதே மாதத்து அதே நட்சத்திரம் மூன்று வாரம் கூடத் தள்ளிப் போகலாம். 31 நாள் உள்ள மாதத்தில் ஒரே நட்சத்திரம் இரண்டு முறை வருவதும் உண்டு. அப்போது பல வீடுகளில் இரண்டாவதை எடுத்துக்கொள்வார்கள்.

அர்ச்சனையை நட்சத்திரத்தன்று செய்துகொண்டு, வீட்டில் கூடுவதை ஆங்கிலத் தேதிக்கு வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு. இரண்டையும் ஒரே நாளில் கொண்டுவர மல்லுக்கட்ட வேண்டாம். கல்யாணத்தன்று என்ன தமிழ்த் தேதி என்பதே மறந்துபோயிருந்தால் பத்திரிகையைத் தேடுங்கள். நகரத்தார் வீடு என்றால் இசைகுடிமானம் (கல்யாண ஒப்பந்தம்) எழுதிய தாளைப் பார்க்கலாம். அது பெரும்பாலும் ஊரில் பெட்டகத்துக்குள்தான் இருக்கும். எடுத்துப் படம்பிடித்து அனுப்பச் சொல்லி ஒரு பிரதியைக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் அச்சான பஞ்சாங்கத்து நேரத்தை அப்படியே சிங்கப்பூரில் பார்க்கலாமா?

கூடாது. இதில் இரண்டு விதக் கணக்கு இருக்கிறது. பலரும் இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறார்கள்.

நட்சத்திரம், திதி முடியும் நேரம் உலகம் முழுக்க ஒரே கணத்தில் நடப்பது. அதற்கு இந்திய நேரத்தோடு இரண்டரை மணி நேரம் கூட்டினால் போதும். "காலை 9.40 வரை ரோகிணி" என்று இருந்தால் சிங்கப்பூரில் பகல் 12.10 வரை ரோகிணி.

ராகு காலம், எமகண்டம் இரண்டும் உள்ளூர் சூரிய உதயத்தை வைத்து வருபவை. இதற்கு இரண்டரை மணி நேரம் கூட்டினால் தப்பாகிவிடும். சிங்கப்பூரில் வருடம் முழுக்கச் சூரியன் ஏறக்குறைய 7 மணிக்கு உதித்து 7 மணிக்கு மறைகிறது. பகலை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒன்றரை மணி நேரம். ஊர்க் காலண்டரில் திங்கட்கிழமை ராகு காலம் 7.30 முதல் 9 வரை, சிங்கப்பூரில் 8.30 முதல் 10 வரை. வெள்ளிக்கிழமை 10.30–12 என்பது அங்கே 11.30–1. சுருக்கமாகச் சொன்னால், ராகு காலத்துக்கு ஒரு மணி நேரம் கூட்டுங்கள், நட்சத்திரத்துக்கு இரண்டரை மணி நேரம் கூட்டுங்கள்.

நாள் வேலை நாளில் விழுந்தால்?

காலையில் கோயில், சனிக்கிழமை மாலை விருந்தாளிகள். இதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை.

சிங்கப்பூரில் எந்தக் கோயிலுக்குப் போவது?

நம் பக்கத்துக்காரர்களுக்கு டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில்தான் முதலில் வரும். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் 1859-இல் கட்டியது. இன்றைய கட்டடம் 1983-இல் புதுப்பித்தது. 2014-இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார்கள். தைப்பூசக் காவடி வந்து சேரும் இடமும் இதுதான். ஃபோர்ட் கேனிங் எம்ஆர்டி நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம்.

வெறும் அர்ச்சனை என்றால் நேரே போய்ச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம். அபிஷேகமோ பிரசாத ஏற்பாடோ வேண்டுமானால் இரண்டு மூன்று வாரம் முன்னதாகக் கோயில் அலுவலகத்தில் கேளுங்கள். தைப்பூசம், கார்த்திகை, நவராத்திரி ஒட்டி வரும் நாள்களில் இன்னும் முன்னதாகவே கேட்பது நல்லது. இருவர் பெயர், நட்சத்திரம், ராசி, பிள்ளைகளுடையதும் சேர்த்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். சந்நிதியில் நின்றுகொண்டு மாமியாருக்குப் போன் போட்டு நட்சத்திரம் கேட்பவர்கள் வாரம் ஒருவராவது இருப்பார்கள்.

மாலை வேண்டுமென்றால் தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் பஃப்ளோ ரோடு, கேம்பல் லேன் பூக்கடைகளில் முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். காலையில் போனால் சரம் கிடைக்கும், ஒரே அளவில் இரண்டு மாலை கிடைப்பது சந்தேகம்.

பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். ஊரில் பெற்றோர் என்ன செய்யலாம்?

நகரத்தாரில் கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் தங்கள் நகரக் கோயிலில் ஒரு புள்ளி, அதாவது கோயில் கணக்கில் ஒரு குடும்பம். சிங்கப்பூரில் இருந்தாலும் புள்ளிக் கணக்கில் பெயர் இருக்கும், வரியும் உண்டு. ஆகவே இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி என்னும் ஒன்பதில் எந்தக் கோயிலோ அங்கே அன்றைக்குப் பிள்ளைகள் பெயரில் அபிஷேகமோ அர்ச்சனையோ செய்வதுதான் பெரியவர்களுக்குத் திருப்தி தருகிறது. வரி பாக்கி இருக்கிறதா என்பதையும் அந்தச் சாக்கில் பார்த்துவிடலாம். மற்ற வீடுகளில் குலதெய்வம், அல்லது குன்றக்குடி முருகன் கோயில்.

திருநீறு, குங்குமத்தைக் கடிதத்தோடு அனுப்புவதானால் கோயில் பெயர் அச்சிட்ட பொட்டலத்திலேயே அனுப்புங்கள். பெயரில்லாத பிளாஸ்டிக் பையில் வெள்ளைப் பொடியைக் கட்டி அனுப்பினால் சோதனையில் பிரித்துப் பார்ப்பார்கள், நாளும் தள்ளிப்போகும்.

வீட்டில் முழு விருந்து வைக்கலாமா? எத்தனை பேரைக் கூப்பிடுவது?

வைக்கலாம், ஆனால் வேண்டாம் என்பதுதான் எங்கள் கருத்து. ஊர் வீட்டு இரண்டாங்கட்டில் (பின்கட்டில்) பத்து அடுப்பு மூட்டி, சமையல்காரர்கள் செய்கிற விருந்தை, இரண்டு அடுப்பு உள்ள வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் ஒரு பெண்பிள்ளை தனியாக இறக்கப் பார்ப்பதில்தான் பாதி திருமண நாள்கள் சண்டையில் முடிகின்றன. ஊரில் சாயங்காலம் வைக்கும் இடைப்பலகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு இனிப்பு, ஒரு காரம், ஒரு பணியாரம், காப்பி. மாலை 5 மணிக்கு அழைத்தால் 8 மணிக்குள் முடிந்துவிடும். இரவுச் சாப்பாட்டுக்குத் தம்பதிகள் இருவரும் தனியாக வெளியே போகவும் நேரம் கிடைக்கும்.

பன்னிரண்டு பேருக்கு அளவு: வெள்ளைப் பணியாரம் ஆளுக்கு 3 வீதம் 36, அதற்கு அரிசி 2 டம்ளர். இனிப்புக்குக் கவுனி அரிசி (கருப்பரிசி) 250 கிராம். ஊரிலிருந்து வந்த தேன்குழல் அரை கிலோ. காப்பிக்குப் பால் ஒன்றரை லிட்டர். சுடச்சுடப் போட வேண்டியது பணியாரம் ஒன்றுதான். கவுனி அரிசியைக் காலையிலேயே செய்து வைத்துவிடலாம்.

வெள்ளைப் பணியாரம் எண்ணெய் குடிக்கிறது, அல்லது கல்லாட்டம் வருகிறது. எங்கே தப்பு?

அளவில் ஆரம்பிப்போம். ஒரு டம்ளரில் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதே டம்ளரின் மேல் நிற்கும் அளவுக்கு உளுத்தம்பருப்பைக் கோபுரமாக வையுங்கள். 200 மில்லி டம்ளர் என்றால் உளுந்து ஏறக்குறைய 2 மேசைக்கரண்டி நிற்கும். இரண்டையும் சேர்த்தே ஒன்றரை முதல் 2 மணி நேரம் ஊறவிட்டு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து வெண்ணெயாக அரைக்க வேண்டும். விரலால் தேய்த்தால் நறநறப்பு தட்டக்கூடாது. கிரைண்டர் இல்லாமல் மிக்ஸியில் அரைப்பவர்கள் ஐஸ் தண்ணீர் விடுங்கள், நிறுத்தி நிறுத்தி ஓட்டுங்கள். மாவு சூடேறினால் பணியாரம் மிருதுவாக வராது. கடைசியில் உப்பு, அரைத் தேக்கரண்டி சர்க்கரை, 2 மேசைக்கரண்டி பால். தோசை மாவைவிடச் சற்று இளக்கமாக, கரண்டியிலிருந்து அறுபடாமல் விழ வேண்டும்.

இனி, எது எதனால் கெடுகிறது என்று பார்ப்போம். உளுந்து கூடினால் எண்ணெய் குடிக்கும். உளுந்து குறைந்தாலோ மாவு கெட்டியானாலோ நடுவில் கல்லாக நிற்கும். மாவு நீர்த்தால் எண்ணெயில் விட்டதும் பரந்து தட்டையாகி ஓரம் சிவக்கும். புளித்துவிட்டால் நிறமும் போய்விடும், எண்ணெயும் குடிக்கும். சிங்கப்பூர் வெப்பத்தில் அரைத்து ஒரு மணி நேரம் வெளியே வைத்தாலே புளிப்பு எட்டிப் பார்க்கும். அதனால் அரைத்த கையோடு சுட வேண்டும், அல்லது உப்புப் போடாமல் குளிர்பெட்டியில் 3, 4 மணி நேரம் வைத்து, எடுத்தபின் உப்பும் பாலும் சேர்க்கலாம். பால் ஊற்றுவதே வெள்ளை நிறத்துக்கும் மென்மைக்கும்தான், கூட ஊற்றினால் பணியாரம் சிவக்கும்.

வாணலி அகலமாக வேண்டாம். சின்னக் குழிவான வாணலியில் மூன்று விரற்கடை எண்ணெய். நன்றாகக் காய்ந்ததும் நடுத்தரத் தீக்கு இறக்கி, குழிக்கரண்டியால் ஒரு கரண்டி மாவை நடுவில் ஒரே இடத்தில் விடுங்கள். கையை அசைக்காதீர்கள். அடியிலிருந்து எழும்பி வந்து, ஓரம் சன்னமாக விரிந்து, நடு உப்பும். கரண்டியால் எண்ணெயை மேலே இரண்டு முறை வாரி விட்டுத் திருப்பி, சிவக்கும் முன் எடுத்துவிட வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றுதான். அவசரப்பட்டு மூன்றாக ஊற்றினால் எண்ணெயின் சூடு இறங்கி மூன்றும் எண்ணெய் குடிக்கும். இன்டக்ஷன் அடுப்பில் தட்டையடி வாணலிதான் நிற்கும். அதற்கு எண்ணெய் கூடுதலாகத் தேவைப்படும். எண்ணெயை மிச்சம் பிடித்தால் அடி தட்டி வடை மாதிரி வரும்.

தொட்டுக்கொள்ள டாங்கர் சட்னி. வரமிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, புளி, உப்பு வைத்து அரைத்து நல்லெண்ணெயில் வதக்கியது. முதல் நாளே செய்யலாம், ருசி கூடத்தான் செய்யும்.

கவுனி அரிசி ஊரிலிருந்து கொண்டுபோக வேண்டுமா?

தேவையில்லை. மலாய்க்காரர்கள் புலுட் ஹித்தாம் என்று செய்யும் இனிப்புக் கஞ்சிக்கான கருப்பு ஒட்டரிசி சிங்கப்பூரில் எந்தப் பேரங்காடியிலும் கிடைக்கும். நம் பலகாரத்துக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. ஊரில் இன்று "கவுனி" என்று விற்பதில் ஒட்டாத கருப்பரிசியும் கலந்து வருவதைப் பார்த்தால், அங்கே வாங்குவதே மேல் என்று தோன்றும்.

250 கிராமை இரவே கழுவி ஒரு லிட்டர் தண்ணீரில் ஊறவிடுங்கள். எட்டு மணி நேரத்துக்குக் குறையக்கூடாது. ஊறிய தண்ணீரைக் கொட்டாதீர்கள், நிறம் அதில்தான் இருக்கிறது. அதே தண்ணீரோடு குக்கரில் 7, 8 விசில், பிறகு சிறு தீயில் 10 நிமிடம். திறந்ததும் ஒரு பருக்கையை நசுக்கிப் பாருங்கள். நடுவில் விதை தட்டினால் கால் டம்ளர் வெந்நீர் விட்டு மறுபடி 3 விசில். நன்றாக வெந்தபிறகுதான் 200 கிராம் சர்க்கரை. முந்திப் போட்டால் அரிசி அதற்குமேல் வேகாது, எவ்வளவு நேரம் வைத்தாலும் விறைத்தே நிற்கும். பலரும் "அரிசி பழசு" என்று கடைக்காரரைத் திட்டுவது இதனால்தான். கடைசியாக அரை மூடித் தேங்காய்த் துருவல், 3 மேசைக்கரண்டி நெய், 4 ஏலக்காய். ஆறினால் இறுகும் என்பதால் இறக்கும்போது கொஞ்சம் தளர இருக்கட்டும்.

பால் பணியாரம் எண்ணெயில் வெடித்துத் தெறிக்கிறதே?

அரிசியும் உளுந்தும் சம அளவு போடுவதால் உளுந்துக்குள் காற்று சிக்கிக்கொள்ளும். அரைபடாத பருப்பு ஒன்று இருந்தாலும் வெடிக்கும். கெட்டியாக, நைசாக அரைத்து, எண்ணெய் புகையும் முன்பே சிறுசிறு உருண்டையாகக் கிள்ளிப் போடுங்கள். பெரிய உருண்டை ஆபத்து. சின்னச் சமையலறையில் குழந்தைகள் கால்களுக்கிடையே ஓடும்போது இதைச் செய்யாமல் இருப்பதே நல்லது. வெள்ளைப் பணியாரம் போதும்.

ஆத்தா கறி மசாலா அரைத்துத் தருகிறார்கள். எடுத்துப் போகலாமா?

அதில் கசகசா இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இது விளையாட்டான சங்கதி இல்லை. கசகசா ஓபியம் தரும் செடியின் விதை. அதன்மேல் மார்ஃபின் போன்றவை ஒட்டியிருக்கலாம் என்பதால் சிங்கப்பூரில் தடைசெய்யப்பட்ட பொருள்களில் வருகிறது, போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவின் பார்வைக்குப் போகும். துபாய்ப் பக்கம் இன்னும் கடுமை. நம் வீடுகளில் குருமாப் பொடியில் கசகசா சேர்ப்பது சாதாரணமாக இருப்பதால் யாருக்கும் தோன்றுவதில்லை. "வீட்டுச் சாமான்தானே" என்று பெட்டியில் வைத்துவிடுகிறார்கள்.

கசகசாவே இல்லாமல், ஒரு கிலோ கோழிக்கு: மல்லி 3 மேசைக்கரண்டி, வரமிளகாய் 10, மிளகு 1 மேசைக்கரண்டி, சோம்பு ஒன்றரைத் தேக்கரண்டி, சீரகம் 1 தேக்கரண்டி, பட்டை 2 துண்டு, கிராம்பு 4, ஏலக்காய் 3, அன்னாசிப்பூ 1, கல்பாசி ஒரு சிட்டிகை. இவற்றை எண்ணெயில்லாமல் தனித்தனியாக வறுத்து, அரை மூடித் தேங்காயோடு அரையுங்கள். கசகசா தரும் கெட்டித்தன்மைக்கு 8 முந்திரி போதும். கல்பாசி கூடினால் கசக்கும், வறுக்கும்போது கடைசியில் போட்டு நிறம் மாறும் முன் எடுத்துவிட வேண்டும். இத்தனையும் சிராங்கூன் ரோட்டில் கிடைக்கும். ஊரிலிருந்து கொண்டுபோக வேண்டியது கல்பாசி மட்டும் என்று வேண்டுமானால் சொல்லலாம், அங்கே கிடைப்பதில் வாசனை குறைவு.

ஊரிலிருந்து வேறென்ன அனுப்பலாம், எதை அனுப்பக்கூடாது?

உப்புக்கண்டம், கறி ஊறுகாய், முட்டை வேண்டவே வேண்டாம். இந்தியாவிலிருந்து இறைச்சிப் பொருள்களைப் பயணிகள் கொண்டுவர அனுமதி இல்லை. தேன்குழல், மாவுருண்டை, சீப்புச் சீடை, அதிரசம், ஊறுகாய் போன்ற பக்குவம் செய்த பொருள்கள் சொந்த உபயோகத்துக்கு 5 கிலோவுக்கும் 100 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) மதிப்புக்கும் மேல் போகாமல் இருக்கட்டும். விதி அவ்வப்போது மாறும் என்பதால் புறப்படும் வாரம் சிங்கப்பூர் உணவு அமைப்பின் இணையப் பக்கத்தை ஒருமுறை பார்ப்பது நல்லது.

தேன்குழல் நொறுங்குவதற்குக் காரணம் பெட்டியை எறிவது மட்டும் இல்லை, டப்பாவில் இருக்கும் காலி இடமும்தான். தகர டப்பாவில் சமையல் தாளை அடியில் மடித்துப் போட்டு, தேன்குழலை நிமிர்த்தி அடுக்கி, சந்துகளில் கசக்கிய தாளைத் திணித்து, மூடியை அழுத்தி மூடும் அளவுக்கு நிரப்புங்கள். முழுக்க ஆறும்வரை, குறைந்தது 4 மணி நேரம், மூடாதீர்கள். கொஞ்சம் சூடு இருந்தாலும் உள்ளே வியர்த்து நமத்துவிடும். எண்ணெய் புதிதாக இருக்கட்டும். ஏற்கனவே சுட்ட எண்ணெயில் போட்டது பத்தே நாளில் சிக்கு வாடை அடிக்கும். மாவுருண்டையில் நெய் குறைவாக வைத்துப் பிடித்தால் வழியிலேயே உதிர்ந்து மாவாகப் போய்ச் சேரும்.

கழுத்துருவை (நகரத்தார் கல்யாணத் தாலியை) போட்டுப் படம் எடுத்துக்கொள்ள ஆசை. கொண்டுபோகலாமா?

வேண்டாம். கழுத்துரு கல்யாணத்துக்கும் அறுபதாம் கல்யாணத்துக்கும் அணிவது, வருடாவருடம் போடும் நகை இல்லை. மஞ்சள் தடவிய நூலில் உருக்களைக் கோத்த வரிசை குலைந்தால் மறுபடி கோக்கத் தெரிந்த ஆச்சி அங்கே கிடைப்பது கடினம். ஊர் வங்கிப் பெட்டகத்திலேயே இருக்கட்டும். வேறு கனமான நகை எடுத்துப் போவதானால், புறப்படும் விமான நிலையச் சுங்கத்தில் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கி வையுங்கள். திரும்ப வரும்போது "இது எங்கே வாங்கியது?" என்ற கேள்விக்கு அதுதான் பதில்.

மருமகளுக்குக் கண்டாங்கிச் சேலை அனுப்பலாம் என்று இருக்கிறோம்.

நல்ல யோசனை, சிங்கப்பூர் வெப்பத்துக்குப் பருத்திதான் சரி. காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரில் விசைத்தறிச் சேலையும் விற்கிறார்கள், நெசவாளர் சங்கத்திலோ தறிக்காரரிடமோ நேரே வாங்குங்கள். குறிப்பிட்ட நிறம் வேண்டுமென்றால் ஒரு மாதம் முன்னதாகச் சொல்ல வேண்டும். புதுக் கண்டாங்கி கஞ்சி போட்டு விறைப்பாக இருக்கும். கல்லுப்புப் போட்ட தண்ணீரில் தனியாக நனைத்து, நிழலில் உலர்த்தி, இரண்டு முறை அலசியபின் கட்டினால்தான் உடம்போடு படியும். அனுப்பும் முன் ஊரிலேயே இதைச் செய்துவிட்டால் மருமகள் அன்றே கட்டிக்கொள்ளலாம். சாயம் இறங்குமா என்பதும் தெரிந்துவிடும்.

வீவக வீட்டில் நடுவீட்டுக் கோலம், விளக்கு, சாம்பிராணி எல்லாம் சரிப்படுமா?

கோலம் போடலாம். 50 கிராம் பச்சரிசியை ஒரு மணி நேரம் ஊறவைத்து, மை போல அரைத்து, பால் பதத்துக்குக் கரைத்து, துணித்துண்டில் நனைத்து மோதிர விரல் வழியாக விட வேண்டியதுதான். வெள்ளைப் பளபளப்புத் தரையில் அது தெரியாது, காய்ந்ததும் உரிந்துவிடும். மரப் பலகையிலோ கருஞ்சிவப்பு மணையிலோ போட்டு நடுவில் வையுங்கள். பொதுத் தாழ்வாரத்தில் ஈரக்கோலம் வேண்டாம், வழுக்கும். அங்கே தீ அவசரத்துக்கு 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பதால் விளக்கையோ பூத்தட்டையோ வெளியே பரப்புவதும் சரியல்ல.

2018 ஜூனுக்குப் பிறகு கட்டிய வீடுகளில் தீ எச்சரிக்கைக் கருவி கட்டாயம். சாம்பிராணிப் புகைக்கும் மிளகாய் தாளித்த நெடிக்கும் அது அலறும். கருவியைக் கழற்றி வைக்காதீர்கள். சன்னலைத் திறந்து, சாம்பிராணியை அதன் பக்கத்தில் காட்டி, ஒரே கட்டித் துண்டோடு நிறுத்துங்கள். மேளம், நாதஸ்வரம் ஒலிபெருக்கியில் வைப்பதானால் இரவு 10 மணிக்குள் முடித்துவிடுங்கள்.

வீடியோவில் பெரியவர்களிடம் ஆசீர்வாதம் வாங்க எது நல்ல நேரம்?

சிங்கப்பூர் இரவு 8.30, ஊரில் மாலை 6. விளக்கேற்றும் நேரம், அப்பச்சியும் ஆத்தாவும் (அப்பாவும் அம்மாவும்) குளித்துத் தயாராக இருப்பார்கள். மாலை 5 மணிக்குக் கூப்பிட்டால் ஊரில் இரண்டரை, எல்லோரும் கூடத்துப் பட்டாலையில் தூங்கிக்கொண்டிருப்பார்கள். பழைய வீடுகளில் வளவுக்குள் (உள்முற்றப் பகுதியில்) சிக்னல் எடுக்காது. முகப்பில் உட்காரச் சொல்லுங்கள், வெளிச்சம் முகத்துக்கு எதிரே இருக்கட்டும். முன்பே அனுப்பிய திருநீற்றைக் கையில் வைத்துக்கொண்டு, அவர்கள் பூசச் சொல்லும்போது பூசிக்கொள்ளலாம். விருந்தாளிகள் நடுவே கைபேசியைக் கைமாற்றிக் கைமாற்றிப் பேசினால் பெரியவர்களுக்கு ஒருவர் சொன்னதும் காதில் விழாது. முதலில் தம்பதிகள் மட்டும் பேசிவிடுங்கள்.

இருபத்தைந்தாவது வருடத்தை ஊரில் வந்து கொண்டாடலாமா?

வரலாம். திருச்சிக்கு நேரடி விமானம் நாலரை மணி நேரத்துக்குள், அங்கிருந்து புதுக்கோட்டை, திருமயம் வழியாகக் காரைக்குடி சுமார் 90 கிலோமீட்டர். சிரமம் பயணத்தில் இல்லை, வீட்டில்தான். பூட்டிக் கிடக்கும் பெரிய வீடு என்றால் கூட்டித் துடைத்து, மோட்டாரும் கழிவறையும் பார்த்துச் சரிசெய்ய ஒரு வாரம் வேண்டும். பங்காளிகளுக்குப் பொதுவான வீடாக இருந்தால், உங்கள் பங்கு அறை உங்களுடையது, முகப்பும் வளவும் எல்லோருக்கும் உரியவை. எல்லாப் பங்காளி வீட்டிலும் முன்கூட்டிச் சொல்லிவிட்டு ஏற்பாட்டைத் தொடங்குங்கள். தை, வைகாசி, ஆவணி முகூர்த்த மாதங்களில் நல்ல சமையல்காரர்களைப் பல மாதம் முன்பே பிடித்துவிடுவார்கள். முகூர்த்தமில்லாத நாளாகப் பார்த்தால் எல்லாமே சுலபம்.

அறுபதாம் கல்யாணமும் திருமண நாளும் ஒன்றா?

இல்லை. அறுபதாம் கல்யாணம் கணவரின் வயதுக் கணக்கு. அறுபது தமிழ் ஆண்டுகள் ஒரு சுற்று முடிந்து, பிறந்த ஆண்டு, மாதம், நட்சத்திரம் திரும்ப வரும்போது செய்வது. பராபவ ஆண்டில், அதாவது 1966 ஏப்ரல் நடுவிலிருந்து 1967 ஏப்ரல் நடுவரை பிறந்தவர்களுக்கு, 2026 ஏப்ரல் 14-இல் அதே ஆண்டு மீண்டும் தொடங்குகிறது. இதை மட்டும் ஊரிலோ திருக்கடையூரிலோ செய்வதே பலருக்கும் வசதி.

துபாய், லண்டனில் இருப்பவர்களுக்கு?

துபாய் இந்தியாவுக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். கசகசா அறவே கூடாது. லண்டன் கோடையில் நாலரை, குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரம் பின்னால். ராகு காலத்தை அங்கே மனக்கணக்காகப் போடாதீர்கள், பகல் நீளம் மாதத்துக்கு மாதம் மாறும், அன்றைய உதயத்தையும் அஸ்தமனத்தையும் பார்த்து எட்டால் வகுக்க வேண்டும். இந்தியாவிலிருந்து இறைச்சியோடு பால் பொருள்களையும் பிரிட்டனுக்குள் கொண்டுபோக முடியாது. பால்கோவா டப்பா விமான நிலையக் குப்பைத் தொட்டிக்குத்தான் போகும்.

பணியாரம் சுட்டு மிஞ்சிய எண்ணெயை என்ன செய்வது?

தொட்டியில் ஊற்றாதீர்கள். குழாயில் படிந்து அடைத்துக்கொண்டால் கீழ் வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். முழுக்க ஆறவிட்டு வடிகட்டி, இரண்டு மூன்று நாளில் தாளிக்கத் தீர்த்துவிடுங்கள். வேண்டாமென்றால் பழைய செய்தித்தாளில் உறிஞ்சவிட்டு, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.